உயர் குருதியமுக்கமும் கல்சியம் கால்வாய்த் தடுப்பிகளும் – ஓர் ஒப்பீடு

க.பொ.த. (சாதாரண தரம்) – சுகாதாரமும் உடற்கல்வியும், விஞ்ஞானம்
அலகு: தொற்றா நோய்கள் – மேலதிகக் கற்றலுக்கான கட்டுரை



உங்கள் வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ மாதந்தோறும் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ, அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ சென்று வருபவராக இருக்கலாம். வரும்போது கடதாசி உறைகளில் “பிறஷர் குளிசை” கொண்டு வருவார். உறையின் மேல் எழுதப்பட்டிருக்கும் பெயரை எத்தனை பேர் வாசித்திருக்கிறீர்கள்? அப்பெயர் பெரும்பாலும் அம்லோடிபின் அல்லது நிபெடிபின் ஆக இருக்கும். இவையிரண்டும் கல்சியம் கால்வாய்த் தடுப்பிகள் என்னும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. எனினும் ஒரே வகுப்பு என்பதால் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை எடுக்கலாம் என எண்ணுதல் தவறாகும். ஏன் தவறு என்பதை விளங்கிக்கொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• குருதியமுக்கத்தைத் தீர்மானிக்கும் இரு காரணிகளைக் குறிப்பிடுவீர்கள்.
• தசைச் சுருக்கத்தில் கல்சியத்தின் பங்கை விளக்குவீர்கள்.
• கல்சியம் கால்வாய்த் தடுப்பிகளின் இரு பிரிவுகளை ஒப்பிடுவீர்கள்.
• வீட்டிலுள்ள நோயாளருக்கு மருந்தைப் பாதுகாப்பாக எடுக்க உதவுவீர்கள்.

1. குருதியமுக்கம்

குருதி, நாடிகளின் சுவரின் மீது ஏற்படுத்தும் அமுக்கமே குருதியமுக்கம் எனப்படும். இது இரண்டு எண்களாற் குறிக்கப்படும். இதயம் சுருங்கும்போது உள்ளது சுருக்க அமுக்கம். தளரும்போது உள்ளது தளர்வு அமுக்கம். நலமான வளர்ந்தோர் ஒருவரில் இது ஏறத்தாழ 120/80 மி.மீ. இரசம் ஆகும். வெவ்வேறு நாட்களில் அளக்கும்போதும் 140/90 அல்லது அதற்கு மேல் காணப்படுமாயின் அது உயர் குருதியமுக்கம் எனக் கொள்ளப்படும்.

குருதியமுக்கம் இரு காரணிகளில் தங்கியுள்ளது.
(அ) இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் குருதியின் அளவு. ஓய்வில் இது ஏறத்தாழ 5 லீற்றர்.
(ஆ) சிறிய நாடிகள் அக்குருதியோட்டத்திற்குக் கொடுக்கும் தடை.

தோட்டத்திற்கு நீரிறைக்கும் பம்பியை எண்ணிப் பாருங்கள். இயந்திரம் வேகமாக ஓடினாலும் குழாயினுள் அமுக்கம் கூடும்; குழாயின் வாயை விரலால் நெரித்தாலும் அமுக்கம் கூடும். ஆகவே அமுக்கத்தைக் குறைப்பதற்கும் இரு வழிகள் உண்டு. ஒன்று இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தல். மற்றையது குழாயை விரிவடையச் செய்தல். இந்த உவமையை மறவாதீர்கள். மருந்துகளின் இரு பிரிவுகளும் இதிலேயே அடங்கியுள்ளன.

உயர் குருதியமுக்கம் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. தலையிடி இல்லை, ஆகவே பிறஷர் இல்லை என்று கூறுவது தவறு. கவனியாது விட்டால் பாரிசவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, கண்பார்வை இழப்பு என்பன ஏற்படலாம். 2021 ஆம் ஆண்டில் இலங்கையில் நடாத்தப்பட்ட தேசிய ஆய்வின்படி வளர்ந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உயர் குருதியமுக்கம் உண்டு.

2. கல்சியம் செய்யும் வேலை

கல்சியம் என்றதும் எலும்பும் பல்லுமே நினைவுக்கு வரும். ஆயினும் தசை சுருங்குவதற்கும் கல்சியம் இன்றியமையாதது. இதனை 1883 இல் இலண்டனில் சிட்னி றிங்கர் என்னும் மருத்துவர் வெளிப்படுத்தினார். அவர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் இட்டுத் துடிக்கச் செய்தார். குழாய் நீரில் தயாரித்த கரைசலில் இதயம் நன்கு துடித்தது. காய்ச்சி வடித்த நீரில் தயாரித்த கரைசலில் துடிப்பு ஓய்ந்து போயிற்று. குழாய் நீரில் இருந்து காய்ச்சி வடித்த நீரில் இல்லாத பொருள் கல்சியமே என அவர் கண்டறிந்தார்.

கலத்தின் வெளியே உள்ள கல்சியம் அயன்களின் செறிவு, கலத்தினுள்ளே கட்டற்ற நிலையிலுள்ள கல்சியத்தின் செறிவைப் போல ஏறத்தாழ பத்தாயிரம் மடங்காகும். கட்டுக்கரைக் குளத்தில் நீர் உயர்ந்து நிற்க, வயல் தாழ்வாக இருப்பதைப் போன்றது இது. துருசு திறக்கப்பட்டதும் நீர் வாய்க்கால் வழியே தானாகவே பாய்கின்றது. அவ்வாறே கலமென்சவ்விலுள்ள கல்சியம் கால்வாய்கள் திறந்ததும் கல்சியம் உள்ளே பாய, தசைக்கலம் சுருங்குகின்றது.

நாடிச் சுவரிலுள்ள மழமழப்பான தசை சுருங்கினால் நாடி ஒடுங்கும்; தடை கூடும்; அமுக்கம் உயரும். கல்சியம் கால்வாய்த் தடுப்பி என்பது அத்துருசை ஓரளவு மூடி வைக்கும் மருந்தாகும். உள்ளே செல்லும் கல்சியம் குறைய, தசை தளர்ந்து, நாடி விரிந்து, அமுக்கம் இறங்குகின்றது. இவ்வழியை 1960களில் ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில் அல்பிரெக்ற் பிளெக்கன்ஸ்ரைன், வெராபமில் முதலிய மருந்துகளை ஆராய்ந்து விளக்கினார்.

நினைவிற் கொள்க: இம்மருந்துகள் குருதியிலுள்ள கல்சியத்தைக் குறைப்பதில்லை, எலும்பிலிருந்து கல்சியத்தை எடுப்பதுமில்லை. கலத்தினுட் செல்லும் வழியையே கட்டுப்படுத்துகின்றன. ஆகவே இம்மருந்து எடுப்பவர் பால், நெத்தலி போன்ற கல்சியம் உள்ள உணவுகளைத் தவிர்க்க வேண்டியதில்லை.

3. இரு பிரிவுகள்

பிரிவு 1: பெயர் “டிபின்” என முடிபவை. அம்லோடிபின், நிபெடிபின், பெலோடிபின் என்பன உதாரணங்கள். இவை முக்கியமாக நாடிகளின் மீது செயற்படுகின்றன. பம்பி உவமையில் இவை குழாயை விரிப்பவை.

பிரிவு 2: வெராபமில், டில்டியாசெம். இவை நாடிகளை விரிப்பதோடு இதயத்தின் மீதும் செயற்பட்டு அதன் துடிப்பு வீதத்தையும் சுருங்கும் வலிமையையும் குறைக்கின்றன. அதாவது இயந்திரத்தின் வேகத்தையும் குறைப்பவை. இதயத்தின் மீது வெராபமிலின் தாக்கம் கூடுதலானது, டில்டியாசெம் இடைநிலையானது.

ஒப்பீட்டு அட்டவணை

| இயல்பு | அம்லோடிபின் | நிபெடிபின் | வெராபமில், டில்டியாசெம் |
|---|---|---|---|
| முக்கியமாகச் செயற்படும் இடம் | நாடிகள் | நாடிகள் | இதயமும் நாடிகளும் |
| இதயத்துடிப்பு | பெரிதும் மாறாது | விரைவாகச் செயற்படும் வகையில் கூடலாம் | குறையும் |
| அரைவாழ்வுக் காலம் | 30 – 50 மணித்தியாலம் | சாதாரண வகையில் ஏறத்தாழ 2 – 5 மணித்தியாலம் | ஏறத்தாழ 3 – 7 மணித்தியாலம் |
| எடுக்கும் முறை | நாளுக்கு ஒரு முறை | மெதுவாக வெளிவிடும் குளிசையாக | வகையைப் பொறுத்தது |
| குறிப்பிடத்தக்க பக்கவிளைவு | கணுக்கால் வீக்கம் | முகம் சிவத்தல், தலையிடி, கணுக்கால் வீக்கம் | வெராபமிலில் மலச்சிக்கல். துடிப்பு மிகக் குறைதல் |
| சிறப்புப் பயன் | நெஞ்சுவலிக்கும் உதவும் | கர்ப்பகால உயர் குருதியமுக்கத்தில் வைத்திய ஆலோசனையுடன் | சிலவகை இதயத்துடிப்புக் கோளாறுகள், நெஞ்சுவலி |

4. விரைவும் மெதுவும்

இப்பாடத்தின் மையம் இதுவே. ஊன்றி வாசியுங்கள்.

மருந்தொன்றின் செறிவு குருதியில் அரைப்பங்காகக் குறைய எடுக்கும் காலம் அரைவாழ்வுக் காலம் எனப்படும். 2 மணித்தியால அரைவாழ்வுக் காலமுள்ள மருந்தை எடுத்துக்கொண்டால், 8 மணித்தியாலத்தின் பின் எஞ்சுவது 1/2 × 1/2 × 1/2 × 1/2 = 1/16 பங்கு மாத்திரமே. காலையில் அமுக்கம் சடுதியாக இறங்கும். மாலையில் மீண்டும் ஏறும். ஆனால் அரைவாழ்வுக் காலம் 40 மணித்தியாலமாயின், ஒரு முழு நாள் கழிந்த பின்னரும் பாதிக்கு மேல் எஞ்சியிருக்கும். அமுக்கம் நாள் முழுவதும் சீராக இருக்கும்.

நிபெடிபின் 1970களின் நடுப்பகுதியில் பாவனைக்கு வந்தது. பிற்காலத்தில், அமுக்கம் மிகவும் கூடியவர்களுக்கு நிபெடிபின் கப்சியூலைக் கடித்து நாக்கின் கீழ் வைக்கச் செய்யும் வழக்கம் பல நாடுகளில் பரவியது. சில நிமிடங்களில் அமுக்கம் இறங்குவதைக் கண்டு இது நல்ல சிகிச்சை எனப் பலரும் நம்பினர். உண்மை வேறாக இருந்தது. நீண்டகாலம் உயர்ந்த அமுக்கத்திற்குப் பழகிய மூளையும் இதயமும், அமுக்கம் சடுதியாக விழும்போது போதிய குருதியைப் பெறமாட்டா. அதனாற் சிலருக்குப் பாரிசவாதமும் மாரடைப்பும் ஏற்பட்டன. மேலும், அமுக்கம் சடுதியாக விழும்போது இதயம் ஈடுசெய்வதற்காக வேகமாகத் துடிக்கும். 1995 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, குறுங்காலம் செயற்படும் கல்சியம் கால்வாய்த் தடுப்பிகளை எடுத்தோரில் மாரடைப்பு அபாயம் கூடியிருப்பதைச் சுட்டிக்காட்டியது. இதன் பின்னர் அவ்வழக்கம் கைவிடப்படலாயிற்று. இன்று நிபெடிபின் உயர் குருதியமுக்கத்திற்குத் தொடர்ந்து கொடுக்கப்படும்போது, மெதுவாக வெளிவிடும் குளிசையாகவே கொடுக்கப்படுகின்றது.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகின்றது. விரைவாக இறக்குவதே சிறந்த மருந்து அன்று; நாள் முழுவதும் சீராக வைத்திருப்பதே சிறந்த மருந்து.

வீட்டிற்கு இது எவ்வாறு பொருந்தும்? விழுங்கக் கடினமாக உள்ளது என முதியவர்களுக்குக் குளிசையை இடித்துத் தேநீரிற் கரைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. மெதுவாக வெளிவிடும் நிபெடிபின் குளிசையை இடித்தால், பல மணித்தியாலங்களுக்கு உரிய மருந்து ஒரே தடவையில் குருதியை அடைந்துவிடும். மெதுவான மருந்து விரைவான மருந்தாகிவிடும். ஆகவே அதனை இடிக்கவோ உடைக்கவோ மெல்லவோ கூடாது. விழுங்க முடியாதவராயின் வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கூறி வேறு வழி கேட்க வேண்டும்.

5. பக்கவிளைவுகளை விளங்கிக்கொள்ளல்

அம்லோடிபின் எடுப்பவரின் கணுக்கால் வீங்குவது ஏன்? இம்மருந்து புன்னாடிகளை விரிக்கும் அளவிற்கு நாளங்களை விரிப்பதில்லை. இதனால் மயிர்க்குழாய்களில் அமுக்கம் கூடி, திரவம் இழையங்களுக்குக் கசிகின்றது. மருந்தளவு 5 மில்லிகிராமில் இருந்து 10 மில்லிகிராமாக உயரும்போது வீக்கம் ஏற்படும் வாய்ப்பும் கூடுகின்றது. வீக்கத்தைக் கண்டு தாமாகவே மருந்தை நிறுத்திவிடுபவர்கள் பலர். அது ஆபத்தானது. கால் வீக்கத்திற்கு இதய நோய், சிறுநீரக நோய் என்பனவும் காரணமாகலாம். ஆகவே அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் காட்டுதலே முறையாகும். அவர் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்தைச் சேர்க்கலாம், மாற்றலாம். வீக்கத்துடன் மூச்சுத் திணறலும் இருப்பின் காத்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

நீண்டகாலப் பாவனையில் சிலருக்கு முரசு தடிக்கலாம். பற்களைச் சுத்தமாக வைத்திருத்தல் இதனைக் குறைக்க உதவும்.

வெராபமில், டில்டியாசெம் ஆகியவற்றின் முக்கிய அபாயம் இதயத்துடிப்பு மிகவும் குறைதலாகும். அத்தினோலோல் போன்ற, துடிப்பைக் குறைக்கும் வேறு மருந்துகளுடன் இவை சேரும்போது அபாயம் கூடும். இதயத்தின் பம்பும் வலிமை குறைந்தவர்களுக்கும் இவை பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை. அடுத்த வீட்டுக்காரரின் “பிறஷர் குளிசையை” இரவல் வாங்கக்கூடாது என்பதற்கு இதுவே வலுவான காரணம். அவருக்கு உயிர் காக்கும் குளிசை, உங்கள் பாட்டனாருக்குத் தீங்காகலாம்.

6. ஆய்வுகள் கூறுவன

(அ) 1994 இல் தொடங்கி 2002 இல் முடிவு வெளியான பெரிய ஆய்வொன்று வட அமெரிக்காவில் நடைபெற்றது. 55 வயதும் அதற்கு மேலும் உள்ள 33,357 பேரில் அம்லோடிபின், லிசினோபிரில், குளோர்தலிடோன் என்னும் சிறுநீர்பெருக்கி ஆகிய மூன்றும் ஒப்பிடப்பட்டன. மாரடைப்பைத் தடுப்பதில் மூன்றுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. ஆனால் இதயச் செயலிழப்பு, சிறுநீர்பெருக்கி எடுத்தவர்களைவிட அம்லோடிபின் எடுத்தவர்களில் கூடுதலாகக் காணப்பட்டது. விலை குறைந்த பழைய மருந்து புதிய மருந்துக்குச் சளைத்ததல்ல என்பதை இவ்வாய்வு உணர்த்தியது.

(ஆ) நமது நாட்டிலும் முக்கிய ஆய்வொன்று நடைபெற்றது. 2016 – 2017 காலப்பகுதியில் இலங்கையின் 11 வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 நோயாளர் இதிற் பங்குபற்றினர். களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இதில் இணைந்திருந்தனர். ஒரு குழுவினருக்கு அம்லோடிபின் 2.5 மில்லிகிராம், தெல்மிசார்ட்டன் 20 மில்லிகிராம், குளோர்தலிடோன் 12.5 மில்லிகிராம் ஆகிய மூன்றும் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுக்கப்பட்டன. மற்றைய குழுவினர் வழமையான சிகிச்சையைப் பெற்றனர். ஆறு மாதங்களின் பின் இலக்கு அமுக்கத்தை அடைந்தோர், மும்மருந்துக் குழுவில் 100 பேருக்கு ஏறத்தாழ 70 பேர். வழமையான சிகிச்சைக் குழுவில் 55 பேர். முடிவு 2018 இல் வெளியாகியது.

இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்து நோக்கினால், எந்த மருந்து மிகச் சிறந்தது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை என்பது புலனாகும். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட வழிகாட்டலும் நீண்டநேரம் செயற்படும் “டிபின்” வகையை, சிகிச்சையைத் தொடங்குவதற்கு உகந்த மூன்று மருந்து வகைகளுள் ஒன்றாகவே குறிப்பிடுகின்றது. நோயாளரின் வயது, ஏனைய நோய்கள், பக்கவிளைவுகள் என்பவற்றைப் பார்த்து வைத்தியரே தெரிவு செய்வார்.

7. உறையிலுள்ள பெயரை வாசித்தல்

ஒரே மருந்தைப் பல கம்பனிகள் பல வணிகப் பெயர்களில் விற்கின்றன. மருந்தின் உண்மைப் பெயர் பொதுப்பெயர் எனப்படும். மருந்துகளைப் பொதுப்பெயராலேயே வழங்க வேண்டும் என வலியுறுத்திய இலங்கையர் பேராசிரியர் சேனக பிபிலே (1920 – 1977) ஆவார். 1971 இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவர் அவரே.

இது பரீட்சைக்கு மாத்திரமுரிய செய்தியன்று. 2022 இல் நாட்டில் பொருளாதார நெருக்கடியால் மருந்துத் தட்டுப்பாடு நிலவியபோது பலர் வெளியே பாமசிகளில் மருந்து வாங்க நேர்ந்தது. அத்தகைய வேளையில் கிளினிக்கில் கிடைத்த உறையில் “அம்லோடிபின்” எனவும், பாமசியில் வாங்கிய பெட்டியில் வேறொரு வணிகப் பெயரும் இருக்கும். இரண்டும் வேறு வேறு மருந்து என எண்ணி இரண்டையும் எடுத்தால் மருந்தளவு இரட்டிப்பாகும். வணிகப் பெயரின் கீழே சிறிய எழுத்தில் பொதுப்பெயர் அச்சிடப்பட்டிருக்கும். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டில் ஆங்கில எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். அப்படியாயின் அப்பொறுப்பு உங்களுடையது.

8. மருந்தும் உணவும்

நமது மாவட்டத்தில் உப்பளமும் உண்டு, கருவாடும் உண்டு. வளர்ந்தோர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே, அதாவது ஒரு தேக்கரண்டிக்குக் குறைவாகவே உட்கொள்ள வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கின்றது. கருவாடு, ஊறுகாய், பொதியிடப்பட்ட சிற்றுண்டிகள் என்பவற்றிலுள்ள உப்பும் இதில் அடங்கும். குளிசை எடுக்கின்றேன் என்பதற்காக உப்பைக் கூட்டலாகாது. கருவாட்டை நீரில் ஊறவைத்துக் கழுவுதல், கருவாட்டுக் கறிக்கு மேலதிக உப்புச் சேர்க்காமை, வாரத்தில் உண்ணும் நாட்களைக் குறைத்தல் என்பன நடைமுறைச் சாத்தியமானவை. புகைத்தலை நிறுத்துதல், நடத்தல், நிறையைக் கட்டுப்படுத்தல் என்பனவும் மருந்துக்குத் துணையாகும்.

9. மாதிரி வினாக்கள்

பகுதி I
(1) பின்வருவனவற்றுள் இதயத்துடிப்பு வீதத்தை நேரடியாகக் குறைக்கும் கல்சியம் கால்வாய்த் தடுப்பி எது?
(i) அம்லோடிபின் (ii) பெலோடிபின் (iii) வெராபமில் (iv) நிபெடிபின்

(2) அம்லோடிபினை நாளுக்கு ஒரு முறை எடுத்தல் போதுமானதாக இருப்பதற்குக் காரணம்,
(i) அதன் அரைவாழ்வுக் காலம் நீண்டது (ii) அது இதயத்தில் மாத்திரம் செயற்படுகின்றது (iii) அது சிறுநீரைப் பெருக்குகின்றது (iv) அது குருதியிலுள்ள கல்சியத்தைக் குறைக்கின்றது

(3) அம்லோடிபினால் கணுக்கால் வீங்குவது,
(i) எலும்பு தேய்வதால் (ii) உப்புக் குறைவதால் (iii) இதயத்துடிப்புக் கூடுவதால் (iv) மயிர்க்குழாய்களிலிருந்து திரவம் கசிவதால்

விடைகள்: (1) iii (2) i (3) iv

பகுதி II
பேசாலையைச் சேர்ந்த 60 வயதான மீனவர் ஒருவர் காலையில் அம்லோடிபின் 5 மில்லிகிராம் எடுப்பவர். கடலில் நின்றமையால் ஒரு நாள் குளிசையை எடுக்கத் தவறிவிட்டார். மறுநாட் காலை இரண்டு குளிசைகளை ஒன்றாக எடுக்க எண்ணுகின்றார். அவரது நண்பரோ தன்னிடமுள்ள டில்டியாசெம் குளிசையைத் தருகின்றார்.
(அ) இரண்டு குளிசைகளை ஒன்றாக எடுத்தல் ஏன் பொருத்தமற்றது?
(ஆ) நண்பரின் குளிசையை ஏன் எடுக்கக் கூடாது?
(இ) இவருக்கு நீர் கூறும் ஆலோசனைகள் இரண்டு தருக.

மாதிரி விடை
(அ) அம்லோடிபினின் அரைவாழ்வுக் காலம் நீண்டது. ஒரு நாள் தவறினாலும் முன்னைய மருந்தின் பெரும் பகுதி குருதியில் எஞ்சியிருக்கும். இரண்டை ஒன்றாக எடுத்தால் அமுக்கம் அளவுக்கு மீறி இறங்கி, தலைச்சுற்றும் மயக்கமும் ஏற்படலாம். கடலில் இது உயிராபத்தாகும்.
(ஆ) டில்டியாசெம் அதே வகுப்பைச் சேர்ந்ததாயினும் இதயத்தின் மீதும் செயற்பட்டுத் துடிப்பைக் குறைக்கும். அவருடைய இதயத்தின் நிலையையும் அவர் எடுக்கும் ஏனைய மருந்துகளையும் அறியாது கொடுத்தல் ஆபத்தானது.
(இ) மறுநாள் வழமையான நேரத்தில் வழமையான ஒரு குளிசையை எடுத்தல். தொழிலுக்குச் செல்லும் நேரத்திற்கு ஏற்ப மருந்து எடுக்கும் நேரத்தை வைத்தியருடன் கலந்து ஒழுங்கு செய்தல்.

புள்ளி பெறும் வழி: “ஒப்பிடுக” என வினவினால் ஒன்றைப் பற்றி எழுதி முடித்துவிட்டு மற்றையதைத் தொடங்காதீர்கள். ஓர் இயல்பை எடுத்து, அவ்வியல்பில் இரண்டும் எவ்வாறு உள்ளன என்பதை ஒரே வசனத்தில் எழுதுங்கள். உதாரணம்: “அம்லோடிபின் முக்கியமாக நாடிகளில் செயற்படும், வெராபமில் இதயத்திலும் செயற்படும்.” இத்தகைய நான்கு வசனங்கள் ஒரு பக்கக் கதையைவிடப் பெறுமதியானவை.

செயற்பாடு: இன்று மாலை உங்கள் வீட்டிலுள்ள மருந்து உறைகளை எடுத்து, ஒவ்வொன்றினதும் பொதுப்பெயர், மில்லிகிராம் அளவு, எடுக்கும் நேரம் என்பவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே பொதுப்பெயர் இருமுறை வந்தால், எதனையும் நீங்களாக நிறுத்தாது கிளினிக்கிலோ மருந்தாளரிடமோ காட்டுங்கள். ஒருவருக்கு முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகியன திடீரெனக் காணப்பட்டால், அமுக்கத்தை விரைவாக இறக்கவென வீட்டிலுள்ள குளிசை எதனையும் கொடுக்காது, 1990 இலக்கத்திற்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள்.